கல்லீரலின் சேமநிதி

தறிக்குழியிலும் வயலிலும் உழைத்த உடல்வலிக்கு நாம் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை, அளவோடு உண்டால் நன்மையே செய்யும். அளவு மீறினால் கல்லீரலை அழிக்கும். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அமெரிக்க நாட்டுத் தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்த மிச்செல், ஜாலோ முதலிய விஞ்ஞானிகள் சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

உட்கொண்ட மருந்தில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நஞ்சாக மாறுகிறது. அங்கு இயல்பாகவே உள்ள குளூட்டதையோன் என்னும் பொருள் அந்நஞ்சைப் பற்றிச் செயலறச் செய்கிறது. இப்பொருளை நமது சங்கத்தின் சேமநிதிக்கு ஒப்பிடலாம். சிறு நஷ்டங்களைச் சேமநிதி தாங்கும். அது தீர்ந்தபின் வரும் நஷ்டம் பங்கு மூலதனத்தையே அரிக்கும். சுண்டெலிகளிலும் குளூட்டதையோனில் பெரும்பகுதி தீர்ந்த பின்னரே கல்லீரல் உயிரணுக்கள் மடிந்தன. அதனை முன்னதாகவே குறைத்துவிட்ட எலிகளுக்குச் சேதம் மிகுந்தது. அதன் உற்பத்திக்கு வேண்டிய சிஸ்டீன் அளிக்கப்பெற்ற எலிகளுக்குச் சேதம் குறைந்தது.

இவ்வுண்மை மனிதருக்கும் உதவிற்று. எடின்பரோ நகரில் டாக்டர் பிரெஸ்காட் முதலியோர் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மருந்தை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திப் பயன் கண்டு, 1977இல் அறிவித்தனர். மாத்திரை உண்ட 8 மணி நேரத்திற்குள் இதனை அளித்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பும்.

ஆபத்து யாதெனில், முதல் நாளில் நோயாளி நலமாகவே தோன்றக்கூடும். ஆகையால் அளவு மீறியது தெரிந்தவுடனே, குறிகளை எதிர்பார்த்திராமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். ஜலதோஷ மாத்திரைகள் சிலவற்றிலும் இதே மருந்து உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணுமுன் கணக்குப் பார்த்தல் நலம். ஏடு சரியாயிருப்பதுபோல் தோன்றும்போதே இருப்பைச் சோதித்தல் நம் சங்க வழக்கமன்றோ?