ஒரு முழ ரப்பர். ஒரு குடும்பத்தின் உயிர்!

ஐப்பசி மாதம். இரவு 9 மணி. மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.

விழுப்புரத்தில் கல்யாணத்துக்குப் போன ஒரு குடும்பம் காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அப்பா காரை ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின்னால் பாட்டியும் இரண்டு குழந்தைகளும்.

திண்டிவனத்தைத் தாண்டியதும் ஒரு லாரி காரை முந்துகிறது. போகிற போக்கில் சேற்றுத் தண்ணீரை வாரி இறைக்கிறது. கார் கண்ணாடி முழுவதும் சேறு! அப்பா வைப்பரை வேகமாக ஓட விடுகிறார். வைப்பர் ஓடுகிறது. சேறு போகவில்லை. கண்ணாடியில் பால் பூசியது போல ஆகிவிடுகிறது.

“என்னங்க, ஒண்ணுமே தெரியலையே!” என்று அம்மா அலறுகிறார்.

அப்பா பிரேக்கை மிதிக்கிறார். கார் குலுங்கி நிற்கிறது. காருக்கு முன்னால், நாலு முழ தூரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடக்கிறார்!

மயிரிழையில் ஓர் உயிர் தப்பியது.

மழைக்காலத்தில் எத்தனையோ கார்களில் நடக்கும் கதை இது. எஞ்சின் நன்றாக இருந்தது. பிரேக் நன்றாக இருந்தது. கெட்டுப் போயிருந்தது எது? வைப்பரில் இருக்கும் ரப்பர். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு முழம். விலை சில நூறு ரூபாய்.

2 விநாடியில் 33 மீட்டர்

கார் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் அது ஒரு கிலோ மீட்டர் ஓடும். 2 விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

கண்ணாடி 2 விநாடி மறைந்தாலும், ஓட்டுகிறவர் அந்தத் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம். இரவில் ஆபத்து இன்னும் அதிகம். ரப்பர் விட்டுச் செல்லும் தண்ணீர்க் கோடுகளில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டுச் சிதறும். கண் கூசும். ரோட்டில் ஆள் நிற்பது தெரியாது.

வழி காட்டிய பெண்

வைப்பருக்கு வழி காட்டியவர் ஒரு பெண்! அவர் பெயர் மேரி ஆண்டர்சன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்தவர்.

ஒரு குளிர்காலத்தில் அவர் நியூயார்க் நகரத்துக்குப் போனார். டிராம் வண்டியில் ஏறினார். பனியும் மழையும் சேர்ந்து பெய்தது. கண்ணாடி மறைத்ததால், டிராம் ஓட்டியவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியபடி ஓட்டினார்.

அதைப் பார்த்த மேரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டிக்கு உள்ளே ஒரு கைப்பிடி. வெளியே ரப்பர் வைத்த ஒரு கை. உள்ளே இருந்து கைப்பிடியை அசைத்தால், வெளியே உள்ள ரப்பர் கண்ணாடியைத் துடைக்கும். இதற்கு 1903-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி அவர் காப்புரிமை பெற்றார்.

1905-ம் ஆண்டில் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அதை விற்கப் பார்த்தார். “இதற்கு வியாபார மதிப்பு இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கார்கள் பெருகின. எல்லாக் கார்களிலும் வைப்பர் வந்தது. மேரிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர் 1953-ம் ஆண்டு காலமானார். 2011-ம் ஆண்டில்தான் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்துப் பெருமைப்படுத்தினார்கள்.

எதிரி மழை அல்ல, வெயில்!

விழுப்புரத்திலிருந்து திரும்பிய அப்பா, மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் போனார்.

“வண்டி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு, சார்?”

“மூணு வருஷம்.”

“வைப்பர் பிளேடு மாத்தினீங்களா?”

“எதுக்கு? வருஷத்துல ரெண்டு மாசம்தானே மழை. வைப்பரைப் போடறதே இல்லையே!”

மெக்கானிக் சிரித்தார். “மழையில தேயலை சார். வெயில்ல காய்ஞ்சு போச்சு!”

பலரும் செய்யும் தவறு இதுதான். ஓடாத வைப்பர் கெடாது என்று நினைக்கிறார்கள். கார் வெயிலில் நிற்கிறது. கண்ணாடி கொதிக்கிறது. அதன் மேல் ரப்பர் மாதக் கணக்கில் படுத்துக் கிடக்கிறது. வெயில் பட்டுப் பட்டு ரப்பர் இறுகுகிறது. பிறகு வெடிக்கிறது. தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

நல்ல ரப்பர் துவளும். வைப்பர் இடப்பக்கம் போகும்போது ரப்பரின் ஓரம் ஒரு பக்கம் சாயும். திரும்பும்போது மறுபக்கம் சாயும். அதனால்தான் தண்ணீரை வழித்தெடுக்க முடிகிறது. இறுகிய ரப்பர் சாயாது. கண்ணாடி மேல் தடதடவென்று குதிக்கும்.

வைப்பர் சொல்லும் சேதி

கண்ணாடியில் மெல்லிய கோடுகள் விழுந்தால், ரப்பரின் ஓரம் கிழிந்திருக்கலாம். அல்லது அழுக்கு ஒட்டியிருக்கலாம்.

நடுவில் ஓர் இடம் மட்டும் துடைபடாமல் இருந்தால், பிளேடு வளைந்திருக்கலாம். அதை அழுத்தும் கையில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

கண்ணாடி மங்கலாகவே இருந்தால், எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் கண்ணாடியைக் கழுவ வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறதா? உட்பக்கம் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரமாக இருந்தால், அது உள்ளே படிந்த மூச்சுக் காற்றின் ஆவி. அதற்கு வைப்பர் என்ன செய்யும்? ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் மறைந்துவிடும்.

வாங்கும்போது

பழைய மாதிரி பிளேடில் இரும்புச் சட்டம் இருக்கும். புது மாதிரியில் சட்டம் இராது; தட்டையாக இருக்கும். இரண்டும் நன்றாகவே துடைக்கும். காருக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

பிளேடை அங்குலக் கணக்கில் அளப்பார்கள். பல கார்களில் ஓட்டுகிறவர் பக்கத்துப் பிளேடு நீளமாக இருக்கும். மறுபக்கம் குட்டையாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். “பெரிசாப் போட்டா நல்லாத் துடைக்கும்” என்று நினைக்கக் கூடாது. நீளம் கூடினால் ஒன்றோடொன்று மோதும். மாட்டும் கொக்கியும் காருக்குக் கார் மாறும். பழைய பிளேடைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

மாற்றுவது எப்படி?

வீட்டிலேயே மாற்றலாம். முதலில் கண்ணாடி மேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட வேண்டும். பிளேடு இல்லாத இரும்புக் கை கைதவறி விழுந்தால் கண்ணாடி உடைந்துவிடும்!

வைப்பரின் கையை மெல்லத் தூக்கி நிறுத்த வேண்டும். கொக்கி மாதிரியாக இருந்தால், பிளேடின் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிளேடைக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் கழன்று வரும். புதியதை அதே வழியில் மாட்ட வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் சரியாக மாட்டிவிட்டது என்று அர்த்தம். சில கார்களில் வைப்பரை அப்படியே தூக்க முடியாது. அதற்கு வழி, காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

பாதுகாப்பது எப்படி?

வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ரப்பரைத் துடைக்க வேண்டும். கூடுமானவரை காரை நிழலில் நிறுத்த வேண்டும். காய்ந்த கண்ணாடி மேல் வைப்பரை ஓட்டவே கூடாது. தூசி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் பீச்ச வேண்டும். அதற்கான தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பருக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் தடவக் கூடாது. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

எவ்வளவு கவனித்தாலும், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. அதற்கு ஏற்ற நாள் எது?

சென்னைக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. அதை ஒட்டித்தான் ஆயுத பூஜையும் வருகிறது. அன்று காரைக் கழுவுகிறோம். சந்தனம் தெளித்துப் பொட்டு வைக்கிறோம். மாலை போடுகிறோம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம்.

அன்றைக்கே வைப்பரையும் தூக்கி, ரப்பரை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிடலாமே! இறுகியிருந்தால் உடனே மாற்றிவிடலாம்.

விழுப்புரத்திலிருந்து வந்த அப்பா மாற்றிவிட்டார். அதற்கு ஆன நேரம் பத்தே நிமிடம்!