புல்வெளியும் காட்டுமாடும்
பழனி மலையின் உயரச் சரிவுகளில் சூரிய கிரணங்களைப் பருகி வளரும் புல்லைக் காட்டுமாடும் கடமானும் மேய, அவற்றைச் செந்நாயும் சிறுத்தையும் வேட்டையாட, சோலையில் உதிர்ந்த சருகுகளைக் காளானும் புழுவும் உண்ண, சக்தியானது ஜீவனுக்கு ஜீவன் கைமாறுகிறது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி சுவாசத்திலும் தேக உஷ்ணத்திலும் விரயமாகி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மேலே செல்கிறது. இவ்விதம் சக்தி படிப்படியாகக் குறைவதை அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் லிண்டமன், ஓர் ஏரியை ஆராய்ந்து, 1942-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். வேட்டை மிருகங்கள் சொற்பமாயிருப்பதன் காரணமும் இதுவே. இச்சக்திச் சங்கிலிக்கு ஆதாரமான பழனி மலைப் புல்வெளிகளில் சீகையும் பைனும் தைலமரமும் பரவியபின் மேய்ச்சல் சுருங்கியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோன்ற கால்களோடு காட்டுமாடுகள் கொடைக்கானல் வீதிகளில் சாவதானமாக உலவி, தோட்டத்துச் செடிகளை மேய்வதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம்.