பதக்கத்திற்கு உரியவர் யார்?

கிட்டப் பார்வைக்காகப் பள்ளிப் பருவம் முதல் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள், லேஸர் சிகிச்சை செய்துகொண்டு அக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி விடுவதை நேயர்கள் பலர் தங்கள் குடும்பங்களிலேயே கண்டிருப்பார்கள். அவர்கள் டாக்டரை வாழ்த்துகிறார்கள், ஆஸ்பத்திரியையும் வாழ்த்துகிறார்கள். அந்த ஒளிக் கத்தியைச் சதையின் மீது செலுத்திப் பார்த்த மூவரை நினைப்பார் யாருமில்லை. அம்மூவரில் ஒருவராகிய ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1929-ஆம் வருஷம் சென்னையிலே பிறந்தவர். சென்னைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். 2013-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி ஒபாமா அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார்.

விழாவின் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் நமக்கு அதைவிட ருசிகரமாகத் தோன்றுவது படத்தில் இல்லாத ஒரு விஷயம். ஆயிரக் கணக்கான ஆராய்ச்சிச் சாலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஒரு தேசத்தில், இன்னாரே பதக்கத்திற்கு உரியவர் என்று ஒரு சர்க்கார் எவ்வாறு துணிந்து முடிவு செய்கிறது?

இப்பதக்கம் 1980-ஆம் வருஷத்திய ஒரு சட்டத்தின் மூலம் பிறந்தது. முதல் முறையாக வழங்கப்பட்டது 1985-இல். யந்திரத்தின் சாமர்த்தியத்தைப் பற்றி மட்டும் பேசி அச்சட்டம் நின்றுவிடவில்லை. தேசத்தின் பொருளாதார நலம், சுற்றுப்புற நலம், சமூக நலம் ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பத்தால் சிறந்த தொண்டு செய்தவர்களுக்கே பதக்கம் என்கிறது. தொழில்நுட்பம் அறிந்த மக்களை உருவாக்கித் தருவதும் அத்தொண்டில் சேர்ந்தது என்றும் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களாகிய நாம் இந்த இரண்டாவது பகுதியை இருமுறை படித்து மகிழ்ந்ததில் வியப்பில்லை. யந்திரம் செய்தவனையும் அவனைச் செய்தவனையும் ஒரே சட்டத்தில் வைத்த பெருமை அந்நாட்டுச் சட்டசபைக்கு உரியது.

தனி மனிதர்கள், நான்கு பேருக்கு மேற்படாத குழுக்கள், கம்பெனிகள் ஆகியோரைப் பதக்கத்திற்குப் பிரேரேபிக்கலாம். பிரேரேபிப்பவர் அந்த வேலை இன்னது, அதில் புதுமை என்ன, அதனால் ஜனங்களுக்கு விளைந்த பயன் யாது என்பவற்றை எழுதி அனுப்ப வேண்டும். விஷயம் அறிந்த பிறருடைய சிபார்சுக் கடிதங்களும் உடன் வரவேண்டும். 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பது நம்மூர்ப் பழமொழி. இங்கே பிள்ளைக்காக அடுத்த வீட்டுக்காரர் அழவேண்டும்! எழுத வல்ல நண்பர்கள் உள்ளவனுடைய வேலை கமிட்டியின் மேஜைக்கு வந்து சேருகிறது. ஏதோ ஒரு மூலையில் தனித்திருந்து, தன்னைப் பற்றி எழுத யாருமில்லாமல், பெரிய காரியம் செய்தவனுடைய காகிதம் வருவதே இல்லை. கமிட்டி எவ்வளவு நேர்மையானதாயினும், தன் முன் வராத பெயரை எடைபோட முடியாதல்லவா?

அந்தக் கமிட்டியில் சுமார் பன்னிரண்டு பேர் இருப்பது வழக்கம். வர்த்தக மந்திரி அவர்களை மூன்று வருஷத்துக்கு நியமிக்கிறார். பெரிய கம்பெனிகளை நடத்தியவர்கள், சர்வகலாசாலைத் தலைவர்கள், விஞ்ஞானிகள், பேடண்டுச் சட்டம் அறிந்தவர்கள் முதலியோர் அதில் இடம் பெறுகிறார்கள். சம்பளம் கிடையாது. 2007-ஆம் வருஷம் முதல் இந்தக் காரியங்கள் அமெரிக்கப் பேடண்டு ஆபீஸின் பொறுப்பில் இருந்து வந்திருக்கின்றன. கமிட்டி கூடப்போகும் தேதியைச் சர்க்கார் கெஜட்டில் பகிரங்கமாக அறிவிப்பார்கள்; ஆனால் கூட்டத்திற்குள் யாரையும் விடமாட்டார்கள். ஒருவருடைய தகுதியையும் குறையையும் மனம் விட்டுப் பேசுவதற்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பது அதற்குக் கூறும் காரணம். ஜனநாயகத்தில் மூடிய கதவு நமக்குப் பிடித்தமானதன்று. எனினும் பரீட்சை விடைத்தாளைத் தெருவில் வைத்துத் திருத்த முடியாது என்பதும் நாம் அறிந்ததே.

கதவு சாத்தியிருக்கும்போது, உள்ளே இருப்பவருக்குச் சொந்த லாப நஷ்டம் இருக்கக்கூடாது. இந்த விதியை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் வழிக்கு 1714-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 20,000 பவுன் வரை பரிசு ஏற்படுத்தி, தீர்ப்புச் சொல்ல ஒரு சபையையும் அமைத்தது. ஜான் ஹாரிஸன் என்னும் தச்சரின் மகன் செய்த கடிகாரம் பரீட்சைக்கு வந்தது. சந்திரனின் நிலையைக் கணித்துத் தீர்க்கரேகை காணும் போட்டி முறையில் பற்றுக் கொண்டிருந்த நெவில் மாஸ்கெலின், 1765-இல் அரசாங்க வான சாஸ்திரியாகி அச்சபையிலே அமர்ந்தார்! ஹாரிஸன் பார்லிமெண்டின் தயவால் மிச்சப் பணத்தைப் பெற்றபோது அவருக்கு வயது எண்பது. பட்சபாதம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று இன்றையக் கமிட்டி அங்கத்தினர்களுக்கு விதிக்கிறார்களே, அது வெறும் சம்பிரதாயமன்று.

இனி, மேஜைக்கு வந்த காகிதத்தை எப்படி நிறுக்கிறார்கள்? நமது ஸ்ரீனிவாசனின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவரும் ஜேம்ஸ் வின், ஸாமுவேல் ப்ளம் என்னும் இருவரும் நியூயார்க் மாகாணத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தார்கள். அங்கே எக்ஸைமர் என்ற ஒருவகை லேஸர் இருந்தது. 193 நானோமீட்டர் அலை நீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை அது வீசும். 1981-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்கர்களின் நன்றியறிதல் பண்டிகை வந்தது. மறுநாள் ஸ்ரீனிவாசன் வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டுகளை ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டு வந்தார். கதிரை அவற்றின்மேல் பாய்ச்சினார்கள். வேறு லேஸர் பட்ட இடம் கருகியது. இது பட்ட இடத்திலோ, சுற்றிலும் சூடுகூடப் படாமல், கூரிய உளியால் செதுக்கியது போன்ற சுத்தமான பள்ளம்!

அடுத்த வருஷமே யாராவது இதைக் கமிட்டிக்கு எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? வான்கோழித் துண்டிலே ஒரு கீறல்; அவ்வளவுதான். அதனால் எந்தக் குடியானவனுக்கு, எந்தக் குமாஸ்தாவுக்கு நலம் விளைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. 1983-இல் ஒரு கண் வைத்தியருடன் சேர்ந்து அக்கதிரைக் கருவிழியின் மேற்படலத்தில் பரீட்சித்தார்கள். 1988-இல் பேடண்டு கிடைத்தது. 1995-இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எக்ஸைமர் லேஸரைக் கண் சிகிச்சைக்கு அனுமதித்தது. பிறகு லட்சக் கணக்கான ஜனங்கள் அதனால் பார்வை பெற்றார்கள். ஜனங்களுக்கு விளைந்த நலத்தைத் தராசில் வைப்பதென்றால், அந்நலம் விளையும் வரையில் கமிட்டி காத்திருக்க வேண்டியதுதான். விதையைப் பார்த்துப் பரிசு கொடுக்கும் சபையல்ல இது. நெல் களத்துக்கு வந்த பின் அளந்து பார்க்கும் சபை.

ஆனால் அதுவரை உழுதவன் காத்திருப்பானா? 2012-ஆம் வருஷம் டிசம்பரில் மூவரின் பெயர்களும் வெளியாயின. ஜனவரியில், தொண்ணூற்றிரண்டாவது வயதில், ஸாமுவேல் ப்ளம் காலமானார். விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. முதற் சோதனைக்கும் விழாவுக்கும் இடையே முப்பத்தொரு வருஷம் ஓடியிருந்தது.

இவர் ஒருவர் மட்டுமல்ல. கம்ப்யூட்டருக்கு மனிதர் எழுதுவதைப் புரிய வைக்கும் வித்தையில் 1952-ஆம் வருஷத்திலேயே வழி காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் கடற்படை அம்மையார். 1991-ஆம் வருஷத்தில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது. தனி நபராக அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அடுத்த வருஷம் பிறந்த முதல் நாளன்று அவர் உயிர் நீத்தார். மற்றோர் பக்கம், ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் முதல் வருஷத்திலேயே, கம்பெனி பிறந்து ஒன்பது வருஷத்துக்குள், பதக்கம் பெற்று விட்டார்கள். கடையில் விற்கும் பண்டத்தின் பலன் சீக்கிரம் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அதன் அடியில் கிடக்கும் ஆராய்ச்சி மெதுவாகத்தான் ஏறும் போலும். காத்திருத்தல் நியாயமானதுதான் என்று நாம் ஒப்புக்கொண்டாலும், எண்பது வயது கடந்தவர்களின் காகிதங்களையாவது கட்டின் மேலே வைத்தால் நலமாயிருக்கும்.

கமிட்டி தீர்ப்புச் சொன்னதும் எல்லாம் முடிந்து விடுவதில்லை. அதன் வேலை சிபார்சு செய்வது மட்டுமே. சிபார்சு வர்த்தக மந்திரிக்குப் போகிறது. இறுதிப் பட்டியலில் உள்ளவர்களின் பூர்வோத்தரத்தைப் போலீஸ் இலாகாவும் விசாரிக்கிறது. பிறகு மந்திரியிடமிருந்து ஜனாதிபதிக்குப் போகிறது. ஜனாதிபதி அதன்படிதான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் வெள்ளை மாளிகையில் ஒரு விழா நடந்தது. அடுத்த விழா அங்கே நடந்தது 2023 அக்டோபரில்! கமிட்டியின் தராசு எவ்வளவு நுட்பமானதாயிருந்தும் என்ன, கடை திறக்க வேண்டியவர் வேறொருவர்.

அந்த 2023-ஆம் வருஷத்து விழாவில் பன்னிரண்டு பேர் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றனர். அவர்களுள் பம்பாயில் பிறந்த அசோக் காட்கில் ஒருவர். 1990-களின் தொடக்கத்தில் வங்காளப் பிரதேசத்தில் புதுவகைக் காலரா பரவியதைக் கண்டு மனம் வருந்தி, புற ஊதா விளக்கினால் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் எளிய கருவியை அமைத்தவர் அவர். கருவிழியைச் செதுக்கிய அதே ஜாதிக் கதிர்தான், வேலை வேறு. சூடான் தேசத்து டார்பூரில் அகதிகளான பெண்கள் விறகு தேடி நெடுந்தூரம் அலைந்து துன்பப்படாமலிருக்க, குறைந்த விறகில் எரியும் அடுப்பையும் செய்து கொடுத்தார். சட்டமோ அமெரிக்க தேசத்தின் நலம் என்று சொல்கிறது. வங்காளத்துக் குடிநீரும் டார்பூர் அடுப்பும் அமெரிக்காவின் நலத்தில் எவ்வாறு சேரும் என்று கமிட்டியில் ஒருவராவது கேட்டிருப்பார் என்றே நாம் நினைக்கிறோம். அதற்கு அங்கே என்ன பதில் சொன்னார்களோ, மூடிய கதவு அதை வெளியிடவில்லை. பதக்கம் மட்டும் காட்கிலுக்குக் கிடைத்துவிட்டது.