நுரைக்கு விளக்கம் சொல்ல யார் வேண்டும்?

கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது தென்பெண்ணையில் நுரை குவியல் குவியலாகப் பொங்கி வரும் படத்தைப் பத்திரிகைகளில் பலமுறை பார்த்திருக்கிறோம். ஓசூர்ப் பள்ளி ஒன்றில் ஒரு மாணவி எழுந்து, இந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப்படையின் பொறுப்பாசிரியர்தான். அவர் படித்தது தாவரவியலாகவோ கணிதமாகவோ தமிழாகவோ இருக்கலாம். முறையாகப் படித்த சுற்றுச்சூழல் ஆசிரியர்கள் இல்லாததே நம் பெரிய குறை என்று பலர் சொல்கிறார்கள். என் எண்ணம் வேறு. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழில் எல்லைப் பகுதியில் சூழலை அறிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பல தொழில்களில் சிதறிக் கிடக்கும் அவர்களை வகுப்பறைக்குக் கொண்டுவர ஏற்பாடு இல்லாததுதான் குறை.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1977-இல் திபிலிசியில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பாடங்களின் ஊடாகவும் ஓட வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தியாவில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் இதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-இல் அதற்கான பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பை தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவிடம் ஒப்படைத்தது. இடையில் 2001-இல் பள்ளிகளுக்குப் பசுமைப்படை வந்தது. பாடம் வந்தது, மன்றம் வந்தது. அதற்கென்று ஆசிரியர் பணியிடம் வரவில்லை. ஏற்கெனவே வேறு பாடம் நடத்துபவரின் தலையிலேயே இதுவும் ஏறியது. கல்லூரிகளிலும் எந்தத் துறைக்காரருக்கு நேரம் இருக்கிறதோ அவரே இந்தத் தாளை எடுக்கும் வழக்கம் உண்டு.

நுரைக் கேள்விக்கே வருவோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டு, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் வந்து சேர்வதும் இந்த ஆற்றில்தான். அந்தக் கழிவுநீரில் கலந்துவரும் சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருளின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரைத் தவிர்க்கும். அதனால் அது நீரின் மேற்பரப்பில் கூடும். மதகு வழியே நீர் விழுந்து காற்றோடு கலக்கும்போது நுரை எழும்புகிறது. இதை யாரைவிடவும் தெளிவாகச் சொல்லக்கூடியவர், சிப்காட் ஆலை ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர். நீர் மாதிரியை மூடிய புட்டியில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து, அதில் எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று அளப்பது அவருக்கு வாடிக்கையான வேலை. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் செலவானால் அந்த நீர் குளிப்பதற்கே ஏற்றதல்ல என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அந்தப் புட்டியை ஒரு மாணவி கையில் வாங்கிப் பார்த்தால், 'மாசு' என்ற சொல்லுக்குப் பின்னால் அளக்கக்கூடிய ஒரு பொருள் இருப்பது அவளுக்கு விளங்கிவிடும்.

யானை விஷயமும் அப்படியே. ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவு வரை வருகின்றன. கூட்டத்தை ஊர் சுற்றி வளைத்துக் கூச்சலிட்டால் அது சிதறும். குட்டியைப் பிரிந்த தாய் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. இதை அனுபவமாக அறிந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு, தண்ணீரைக் காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்பதைத் தாய்மாருக்கு விளக்க வல்லவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்ற பாடம் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழகத்தில் சூழல் அறிவை வளர்த்தவர்களைப் பார்த்தாலும் இதே உண்மை தெரியும். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்து, 1969-இல் அதை உதறியவர். ஜவளகிரிக் காட்டைத் தம் எழுத்தில் நிலைநிறுத்திய கென்னத் ஆண்டர்சன் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். அவர் பெயர் தாங்கிய சங்கத்தின் தன்னார்வலர்கள் இன்று மேலகிரிக் காடுகளில் உழைக்கிறார்கள். 'துளிர்' இதழை நடத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தை வளர்த்தவர்களில் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் நிறைய. தங்கள் தொழில் தந்த ஒழுங்கையும் கவனத்தையும் இவர்கள் சூழலின் பக்கம் திருப்பினார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை லேசானவை அல்ல. அரைகுறை அறிவு பரவும் என்பது முதலாவது. உண்மைதான், தன் துறைக்கு வெளியே பேசும் எவரும் தவறலாம். எனவே காவலர் யானையைப் பற்றியும், ஆய்வகத்தார் நீரைப் பற்றியும் மட்டும் பேசட்டும். இரண்டையும் பாடத்தோடு இணைப்பது ஆசிரியரின் வேலை. முறையாகச் சூழலியல் படித்தவர்கள் தேவைப்படுவதும் இந்த இணைப்பு வேலைக்குத்தான்: மாவட்டத்துக்குச் சிலர் இருந்து பாடங்களைச் சரிபார்த்தால் போதும். ஆலைக்காரர் தன் முதலாளியின் தவற்றைச் சொல்வாரா என்பது இரண்டாவது, இன்னும் கடினமான மறுப்பு. சொல்ல மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து கற்க வேண்டியது அளக்கும் முறை. தீர்ப்பை அவரிடம் கேட்கக் கூடாது. முறையைக் கற்ற மாணவர்கள் ஆற்று நீரைத் தாங்களே சோதித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் அளவுகளோடு ஒப்பிடட்டும். ஆலையின் விளம்பரப் பதாகையின் கீழ் நடக்கும் மரம் நடு விழா இதற்கு ஈடாகாது. ஆலை தரும் பணம் பாடத்தை எழுதவும் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியவை சில. காவலரும் செவிலியரும் வாரிய ஊழியரும் பள்ளிக்குச் செல்லும் நாளை அரசு பணி நாளாகவே கணக்கிட வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே ஆள் குறைவான துறைகளில் இது இன்னொரு இலவசச் சுமையாகிவிடும். தனியார் ஆலை ஊழியருக்கும் விவசாயிக்கும் மதிப்பூதியம் தர வேண்டும். பசுமைப்படை ஆசிரியரின் வேறு வகுப்புகளில் சிலவற்றைக் குறைக்க வேண்டும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக இருக்கும் எல்லைப் பகுதி இது. அந்த மொழிகளில் பேசத் தெரிந்தவர்களையே தேடிப் பிடிக்க வேண்டும். ஆற்றின் மாசு எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இப்பக்கத்து ஆலைகளும் வீடுகளும் பண்ணைகளும் அதில் எதைச் சேர்க்கின்றன என்று அளந்து கேட்கத் தெரிந்த தலைமுறைதான் இரு மாநிலங்களிடமும் நியாயம் கேட்க முடியும். அந்தத் தலைமுறையை வளர்க்கும் அறிவு இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. அதற்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிடுவது அரசின் கடமை.