எட்டும் மூன்றும்: மருந்தின் அரிய தீங்கை எப்படிக் கணக்கிடுவது, யாரிடம் கேட்பது?

ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதைச் சில நூறு பேரை வைத்தே பெரும்பாலும் அறிந்துவிடலாம். அது யாருக்கேனும் அரிதாகத் தீங்கு செய்யுமா என்பதை அறியவோ பல ஆயிரம் பேரும் போதாமல் போவதுண்டு. பத்தாயிரத்தில் ஒருவரைத் தாக்கும் பாதக விளைவு, ஐயாயிரம் பேருக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வில் ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஆய்வில் தீங்கு எதுவும் தென்படவில்லை என்பதும் மருந்தில் தீங்கு எதுவும் இல்லை என்பதும் ஒன்றல்ல. சிதறிக் கிடக்கும் பல ஆய்வுகளைத் திரட்டி உண்மையை நெருங்குவது எவ்வாறு, அந்தத் தரவுகளைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, தீங்கு நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இவை நகரத்து மருத்துவமனைகளை விடவும் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கே அழுத்தமாகப் பொருந்துகின்றன. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, சோலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து சேர வேண்டியதாகவே தலைமுறைகளாக இருந்துவந்த இந்தப் பழனிமலைக் கிராமத்துக்கு, கீழிருந்து வர வேண்டுமானால் பெரியகுளம் அருகே கும்பக்கரையிலிருந்து மலையேற வேண்டும். நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் செல்வதே இங்கு நெடுங்காலம் ஆம்புலன்ஸாக இருந்தது. ஒரு பக்கவிளைவு நேரும் வாய்ப்பு சென்னைக் குழந்தைக்கும் வெள்ளகவிக் குழந்தைக்கும் ஒரே அளவாக இருந்தாலும், நேர்ந்த பின் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. தேசிய சராசரியாக அறிவிக்கப்படும் எண்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டை நேரடியாகத் தொட்ட ஓர் எடுத்துக்காட்டு, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் சொட்டு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்த இம்மருந்து, 2011இல் தொடங்கி டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராயப்பட்டது; அவர்களில் 4,532 பேருக்கு மருந்தும் 2,267 பேருக்கு மருந்துச் சத்து இல்லாத பிளாசிபோவும் கொடுக்கப்பட்டன. கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை இம்மருந்து ஏறத்தாழ 54 விழுக்காடு தடுத்தது என 2014இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை எல்லோருடைய கண்ணும் குடல் செருகலின் மீதே இருந்தது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் இந்நிலையில், குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழும், வாந்தி எடுக்கும், மலத்தில் ரத்தமும் சளியும் வரும்; உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால் பெரும்பாலும் அறுவையின்றியே சரிசெய்துவிடலாம், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு இதை உண்டாக்கியதால் 1999இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனால்தான் அதன் பின் வந்த இரண்டு பன்னாட்டு மருந்துகள் ஒவ்வொன்றும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆராயப்பட்டன. இந்திய ஆய்வோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

அந்த ஆய்வில் மருந்து பெற்ற பிரிவில் எட்டுக் குழந்தைகளுக்கும் பிளாசிபோ பிரிவில் மூன்று குழந்தைகளுக்கும் குடல் செருகல் பதிவானது; எல்லாமே மூன்றாம் தவணைக்குப் பின் நேர்ந்தவை. பத்தாயிரம் குழந்தைகளுக்கு என்று கணக்கிட்டால் ஒரு பக்கம் 18, மறுபக்கம் 13. இந்த வேறுபாடு தற்செயலாகவே தோன்றக்கூடியது என்பதால், வழக்கமான புள்ளியியல் மொழியில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதப்படும். படிப்பவர் அதை 'ஆபத்து இல்லை' என்று புரிந்துகொள்கிறார். உண்மையில், எட்டில் ஒரே ஒரு குழந்தை மருந்துப் பிரிவுக்குப் பதிலாக மறுபிரிவில் இருந்திருந்தால் எண்கள் 15க்கு 18 என்று தலைகீழாகியிருக்கும். ஒரு குழந்தையின் இடமாற்றத்தில் புரண்டுவிடும் கணக்கு, ஆபத்து உண்டென்றோ இல்லையென்றோ தீர்ப்புச் சொல்ல வல்லதல்ல.

பேய்ஸ் முறை உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். 1761இல் இறந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, 1763இல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த இம்முறையில், ஆய்வுக்கு முன் அறிந்திருப்பதை ஒரு நிகழ்தகவாக எழுதிக்கொண்டு, ஆய்வின் தரவு வந்ததும் அதைத் திருத்தி, புதிய நிகழ்தகவைப் பெறுகிறார்கள். முன்னது முன்நிகழ்தகவு, பின்னது பின்நிகழ்தகவு. மேற்கண்ட பதினொரு குழந்தைகளின் எண்ணிக்கையையே, விளக்கத்துக்கான எளிய கணக்காக, இம்முறையில் இட்டுப் பார்க்கலாம். செருகல்களில் மருந்துப் பிரிவின் பங்கு எதுவாகவும் இருக்கலாம் என்று எல்லா வாய்ப்புகளுக்கும் சமமான இடம் கொடுத்துத் தொடங்கினால், மருந்து பெற்றவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 61 விழுக்காடு, குறைவாக இருப்பதற்கு 39 விழுக்காடு, இரு மடங்குக்கும் மேல் இருப்பதற்கு 21 விழுக்காடு என்று விடை வருகிறது. மருந்தால் மாற்றமில்லை என்பதையே சராசரியாகக் கொண்ட தளர்வான எதிர்பார்ப்புடன் தொடங்கினாலோ, கூடுதல் ஆபத்துக்கான நிகழ்தகவு 68 ஆகவும், இரு மடங்கைத் தாண்டுவதற்கானது 25 ஆகவும் மாறுகிறது.

இவ்விடைகளில் இரண்டு செய்திகள் உள்ளன. தாயும் தந்தையும் கேட்க விரும்புவது 'என் குழந்தைக்கு ஆபத்து கூடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு' என்பதே. பேய்ஸ் முறை அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. ஆனால் தொடக்க அனுமானத்தை மாற்றினால் விடையும் நகர்கிறது. தரவு மெலிந்திருக்கும்போது நகர்வு பெரிதாகவே இருக்கும். மருந்தை விற்பவரே 'எங்கள் மருந்து பாதுகாப்பானது' என்ற உறுதியான நம்பிக்கையை முன்நிகழ்தகவாக எழுதிக்கொண்டால், சிறிய ஆய்வு எதனாலும் அந்த நம்பிக்கையை அசைக்க முடியாது. எனவே முன்நிகழ்தகவு எது, அதற்கு ஆதாரம் என்ன என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவிப்பதும், வேறு தொடக்கங்களில் விடை எவ்வாறு மாறுகிறது என்பதைச் சேர்த்தே வெளியிடுவதும் கட்டாயமாக வேண்டும். இவை இல்லாத பேய்ஸ் ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

மெலிந்த தரவுக்கு மருந்து, மேலும் தரவுதான். ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளை முறைப்படி ஒன்றுசேர்ப்பதைத் தொகுப்பாய்வு என்பர். எல்லா ஆய்வுகளையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கூட்டுவது அதன் முரட்டு வடிவம். பேய்ஸ் தொகுப்பாய்வு அடுக்கு முறையில் செல்கிறது: ஒவ்வோர் இடத்துக்கும் தனி ஆபத்து அளவு உண்டு, ஆயினும் அவை ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்று கொண்டு, சிறிய இடத்தின் மதிப்பீட்டைப் பிற இடங்களின் அனுபவத்தால் தாங்கிப் பிடிக்கிறது. டெல்லி, புனே, வேலூர் மூன்றும் ஒன்றே என்றும் சொல்லாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றும் சொல்லாமல் இருப்பதே இதன் சிறப்பு. ஆனால் இதற்கு இடவாரியான எண்கள் வேண்டும். ரோட்டாவேக் ஆய்வில் வேலூரின் குடல் செருகல் எண்ணிக்கையைத் தனியாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து நீதிமன்றம் வரை சென்றது அதனால்தான். வேலூரில் சிறிய அறிகுறிக்கும் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டதால், தானாகவே விலகிவிடும் செருகல்களும் கணக்கில் ஏறின என்பதும், அவற்றை நோயாகக் கொள்வது தவறான பீதியைத் தரும் என்பதும் நியாயமான விளக்கங்களே. அந்த விளக்கம் சரியா என்று மற்றவர்கள் சோதித்துப் பார்க்கவும் அதே எண்கள்தான் தேவை.

தரவு வெளியே வந்தால் என்ன நேரும் என்பதற்கு நீரிழிவு மாத்திரையான ரோசிகிளிட்டசோன் சான்று. அதன் உற்பத்தியாளரான கிளாக்ஸோஸ்மித்கிளைன், வேறொரு மருந்து தொடர்பாக நியூயார்க்கில் தொடரப்பட்ட வழக்கின் உடன்பாட்டின்படி, தன் ஆய்வு முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டியதாயிற்று. அவற்றையும் சேர்த்து 42 ஆய்வுகளைத் தொகுத்த ஸ்டீவன் நிஸ்ஸனும் கேத்தி வோல்ஸ்கியும், மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு 43 விழுக்காடு கூடுவதாக 2007இல் அறிவித்தனர். மாரடைப்புகளின் எண்ணிக்கையோ மருந்துப் பிரிவில் 86, ஒப்பீட்டுப் பிரிவில் 72 மட்டுமே. மாரடைப்பே நேராத ஆய்வுகள் அவர்கள் கையாண்ட முறையில் கணக்குக்கு எதுவும் சேர்க்கவில்லை. 'ஒன்றும் நேரவில்லை' என்பதும் ஒரு செய்தியே என்று கொண்டு அத்தகைய ஆய்வுகளையும் உள்ளே வைத்துக்கொள்ள முடிவது பேய்ஸ் முறையின் இன்னொரு பயன். இந்தியா 2010இல் இம்மருந்தைத் தடை செய்தது. அமெரிக்காவோ, ஒரு பெரிய ஆய்வை மறுபடி சரிபார்த்தபின் 2013இல் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. தொகுப்பாய்வு எச்சரிக்கை மணி அடிக்கும். இறுதித் தீர்ப்பாக எப்போதும் அமையாது.

ரோட்டாவேக்கும் அவ்வாறே பிந்தைய சோதனையைக் கடந்தது. 2016இல் சில மாநிலங்களில் தொடங்கி 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்த அரசுத் திட்டத்தில், ஒன்பது மாநிலங்களின் 27 மருத்துவமனைகளில் குடல் செருகலுடன் வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, தவணைகளுக்குப் பிந்தைய மூன்று வாரங்களில் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என 2020இல் முடிவு வெளியானது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ரோட்டா வைரஸால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கே மலையேறியோ இறங்கியோ செல்ல வேண்டிய ஊரில் வயிற்றுப்போக்கும் கொல்லும், குடல் செருகலும் கொல்லும். ஆதலால் வெள்ளகவித் தாய் தன் குழந்தைக்குச் சொட்டு மருந்தைக் கொடுப்பதே நல்ல முடிவு, அதனோடு குடல் செருகலின் அறிகுறிகளைச் செவிலியர் வாயால் கேட்டறிவது அவருடைய உரிமை.

மருந்து இன்னும் ஆய்வு நிலையில் இருக்குமானால் உரிமைகள் மேலும் விரிவானவை. 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019' இதற்கான சட்டம். ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரானால் ஆய்வாளரைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, ஆய்விலிருந்து விலகலாம். கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இலவச மருத்துவமும், பாதிப்பு ஆய்வினால் நேர்ந்ததென்று தெரிந்தால் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதை வழங்காமல் பிளாசிபோ கொடுக்கப்பட்டதால் நேர்ந்த பாதிப்பும் இதில் அடங்கும். நடைமுறையில் 'ஆய்வினால் நேர்ந்தது' என்ற அந்த முடிவில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்: 2005 முதல் 2012 வரை இந்திய ஆய்வுகளில் 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 மரணங்களே ஆய்வோடு தொடர்புடையவை என்றும் அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாகப் பார்த்து 'இது மருந்தால் அல்ல' என்று ஒதுக்குவது எளிது. இரு பிரிவுகளின் மரணங்களையும் எல்லா ஆய்வுகளிலும் திரட்டி ஒப்பிடும்போதுதான் தனித்தனியே மறைந்தது வெளிப்படும். அரசு இழப்பீட்டை முடிவு செய்யும்போது இத்தகைய தொகுப்பாய்வையும் பார்க்க வேண்டும்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சிலவே. 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ஆய்வின் பதிவு எண் என்ன. இதே மருந்தின் முந்தைய ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த தீங்குகள் எவை. இரவில் உடல்நிலை மோசமானால் மலையிலிருந்து கீழே கொண்டுசெல்லும் செலவு யாருடையது. கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் எழுத்து வடிவில் விடை இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம். படிவத்தின் நகலைப் பெற்று வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

சந்தைக்கு வந்துவிட்ட மருந்தால் பாதிப்பு என்று ஐயம் எழுந்தால், 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். மருந்துதான் காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இப்பதிவுகள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகக் கண்காணிப்பு மையத்தின் களஞ்சியத்தைச் சேர்கின்றன. அங்கும் பேய்ஸ் முறையே கையாளப்படுகிறது. ஒரு மருந்துக்கும் ஒரு பாதகத்துக்கும் தற்செயலாக 0.02 பதிவுகளே எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஒரு பதிவு வந்துவிட்டால், நேர்க்கணக்கில் அது ஐம்பது மடங்கு. இரண்டு எண்களுடனும் அரையைக் கூட்டி வகுக்கும் அம்மையத்தின் சூத்திரம் அதை மூன்று மடங்குக்குள் அடக்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது பதிவு வரும்போதே குரல் உயரும். அதாவது, 'எனக்கு மட்டும்தானே நேர்ந்தது' என்று ஒருவர் சொல்லாமல் விடும் ஒவ்வொரு முறையும் அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை தள்ளிப்போகிறது.

பதிவு செய்வதற்கான கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. தடுப்பு மருந்துக்குப் பின் நேரும் பாதிப்பைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லலாம்; தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. இழப்பீடு மறுக்கப்பட்டாலோ ஆவணங்கள் தரப்படாவிட்டாலோ 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்; பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு, வருமானம் எதுவாயினும், வழக்கறிஞர் உதவி இலவசம்.