வலி நின்றால் குளிசையும் நிற்கலாமா?

கண்டியில் வாவியைச் சுற்றிய சில வீதிகளை விட்டால் மற்றெந்தப் பக்கம் போனாலும் ஏற்றந்தான். ஹந்தானைத் தோட்டத்து லயன்களுக்குப் போகிறவருக்கும், பேராதனையிலிருந்து கலஹா வீதியில் ஏறுகிறவருக்கும் இதயம் கூடுதலாக உழைத்தே ஆகவேண்டும். அஞ்சைனா என்னும் நெஞ்சு இறுக்கம் இத்தகைய ஏற்றத்தில்தான் பெரும்பாலும் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் வந்து, நின்றதும் விட்டுவிடும் வலி என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1772இல் எழுதிவைத்த விவரிப்பு இன்றும் மாறவில்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகள் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கின்றன. ஓய்வில் அந்த ஒடுங்கிய வழியே வரும் இரத்தம் போதும், மேடேறும்போது போதாது. வரவுக்கு மேல் செலவு ஏறும் அந்தக் கணத்தில் நெஞ்சு இறுகுகிறது.

இந்த நோயாளி கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் ஐந்தாறு வகைக் குளிசைகள் இருப்பது வழக்கம். எல்லாம் ‘நெஞ்சுவலிக் குளிசை’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. வலி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கோலால் அளக்கவும்படுகின்றன. தவறு இங்கேதான் தொடங்குகிறது. வந்த வலியை நிறுத்துவது, வலி வராமல் காப்பது, மாரடைப்பைத் தடுப்பது என்று இம்மருந்துகளுக்கு மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. எந்தக் குளிசைக்கு எந்த வேலை என்று தெரியாதவர், பாதுகாப்பான மருந்தையும் ஆபத்தாக்கிக்கொள்ள நேரும்.

முதல் வேலைக்குரியது நாக்கின் கீழ் வைக்கும் ஜீடிஎன் குளிசை. டைனமைட் வெடிக்குள் இருக்கும் நைட்ரோகிளிசரினேதான் இது. 1879இல் லண்டனில் வில்லியம் மரெல் இதை அஞ்சைனாவுக்குப் பரிந்துரைத்து எழுதினார். இது அடைப்பைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது முக்கியமாக நாளங்களை விரிக்கிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து சுமை இறங்குகிறது. இரத்த அழுத்தமும் இறங்குவதால், நின்றபடி வைத்தவர் தலைசுற்றி விழக்கூடும். ஆகவே உட்கார்ந்துதான் வைக்கவேண்டும், விழுங்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் இன்னொன்று வைக்கலாம். மேலும் ஐந்து நிமிடம் கழிந்தும் வலி இருந்தால் அதை மாரடைப்பாகவே கருதி 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்கவேண்டும். வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ, ஓய்வாக இருக்கும்போதே கடும் வலி வந்தாலோ அந்தப் பத்து நிமிடமும் காத்திருக்கக்கூடாது. இந்த மருந்து எளிதில் ஆவியாகிவிடும். கண்ணாடிப் போத்தலிலிருந்து கடதாசி உறைக்கோ பிளாஸ்டிக் பைக்கோ மாற்றினால் வீரியம் போய்விடும். போத்தலைத் திறந்து எட்டு வாரமானால் புதியது வாங்கவேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலாபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளோ இதை வைத்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்குச் சரியலாம். கூச்சத்தை விட்டு வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்தி அது.

இரண்டாம் வேலையைச் செய்யும் மருந்துகளில் ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் ஜீடிஎன்னின் நெருங்கிய உறவு. காலை எட்டு மணிக்கு ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்று என்று இதை எழுதித் தரும்போது, ‘காலை, இரவு’ என்று தாங்களே ‘திருத்தி’ எடுப்பவர்கள் உண்டு. அந்த நேரக்கணக்குக்குப் பின்னே ஒரு தொழிற்சாலைக் கதை இருக்கிறது. நைட்ரோகிளிசரின் ஆலைகளில் தொழிலாளருக்குத் திங்கட்கிழமை தலையிடிக்கும். வாரம் போகப்போக உடல் பழகித் தலையிடி நின்றுவிடும். வார விடுமுறை கழிந்து வந்தால் மறுபடி இடிக்கும். மருந்துக்கும் இதே கதிதான். இரவும் பகலும் உடலில் இருந்தால் உடல் அதற்குப் பழகி, மருந்து வேலை செய்யாமல் போகிறது. பழக்கம் கலைய நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி தேவை. குளிசை காலையும் பிற்பகலுமாக எழுதப்படுவது அந்த இடைவெளிக்காகத்தான்.

இதே இரண்டாம் வேலையைச் செய்யும் அட்டெனலோல், பிசோப்ரோலோல் போன்ற பீட்டா தடுப்பிகள் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைத்து, அதன் செலவைச் சுருக்குகின்றன. இவற்றைத் திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த துடிப்பு சீறி எழுந்து, அஞ்சைனா முன்னிலும் மோசமாகலாம், மாரடைப்பும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி குறையும்போது ஏற்படும் படபடப்பை இவை மறைத்துவிடலாம். அம்லோடிபின் நாடிகளைத் தளர்த்துகிறது; அதனால் வரும் கணுக்கால் வீக்கத்தைப் புதிய நோயென்று எண்ணி மருந்தை விடாமல், கிளினிக்கில் காட்டவேண்டும். வெரபமில், டில்டியாசம் ஆகியவை பீட்டா தடுப்பியோடு சேர்ந்தால் துடிப்பை அளவுக்குமேல் குறைத்துவிடக்கூடியவை. ஒரு மருத்துவரின் சீட்டை இன்னொருவர் பார்க்காமல் மருந்து சேர்ந்துகொண்டே போவது ஆபத்தாவது இதனால்தான்.

மூன்றாம் வேலை அஸ்பிரினுக்கும் அட்டோர்வஸ்டட்டினுக்கும் உரியது. இவை அஞ்சைனா வலியைத் தொடுவதே இல்லை. ஒன்று நாடிக்குள் இரத்தம் கட்டுவதைத் தடுக்கிறது. மற்றது கொலஸ்ட்ரோலைக் குறைத்துக் கொழுப்புப் படிவம் வெடிக்காமல் காக்கிறது. எடுத்தாலும் விட்டாலும் உடலுக்கு வித்தியாசம் தெரியாததால் முதலில் கைவிடப்படுபவை இவைதான். ஆயுளைக் காப்பதில் முன்னிற்பவையும் இவைதான். ‘ஸ்டென்ட் வைத்தால் குளிசை எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகள் பதில் தருகின்றன. நிலையான நோயுள்ள 2,287 பேரிடம் நடந்து 2007இல் வெளியான கரேஜ் ஆய்விலும், 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்விலும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் முதலான சிகிச்சைகளைச் சேர்த்ததால் மரணம் குறையவில்லை. ஸ்டென்ட் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது வலியைக் குறைக்கிறது. மாரடைப்பின்போது உயிரையே காக்கிறது. ஆனால் அது ஓரிடத்து ஒடுக்கத்தைத்தான் திறக்கிறது. மற்ற நாடிகளுக்குக் குளிசைதான் காவல்.

‘அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைப்பது மலிவுக் குளிசை, வேலை செய்யாது’ என்ற மறுப்பும் உண்டு. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதன் அடிப்படையே, மருந்தின் வேலை அதன் மூலப்பொருளில் இருக்கிறது, வியாபாரப் பெயரில் இல்லை என்பதுதான். தரத்தைப் பற்றிய மக்களின் ஐயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபுளின் மருந்து விவகாரம் மறக்கக்கூடியதன்று. அதற்குத் தீர்வு கண்காணிப்பை இறுக்கக் கேட்பது; குளிசையை வீசுவதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு கண்டி ஆஸ்பத்திரிகளையும் விட்டுவைக்கவில்லை. அப்படி ஒரு மருந்து கிடைக்காத நாளில் பக்கத்து வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்காமல், மாற்று எது என்று வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்பதே சரி.

அடுத்த கிளினிக் நாளில் எல்லா உறைகளையும், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, இது வந்த வலிக்கா, வராமலிருக்கவா, மாரடைப்பைத் தடுக்கவா என்று கேளுங்கள். பதிலை உறையின் மேலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவரும் அதை வாசித்து வைத்திருக்கட்டும்.