வெள்ளி இழைகளும் ஒளிபுகும் படலமும்

கண்ணாடியின் வழியே ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. செப்புத் தகட்டின் வழியே மின்சாரம் செல்லும், ஒளி செல்லாது. இவ்விரண்டையும் ஒருங்கே செல்லவிடும் பொருள் ஒன்று இன்று நம் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. கைப்பேசியின் முகப்பில் விரல் பட்ட இடத்தை உணர்வது, கண்ணுக்குப் புலனாகாத ஒரு மின்கடத்திப் படலமேயாகும். பெரும்பாலும் அது இண்டியம், வெள்ளீயம் ஆகிய உலோகங்களின் ஆக்ஸைடால் ஆனது. நன்கு பணிபுரியும் பொருளே. எனினும் குறைகள் இரண்டு உள. இண்டியம் துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கையில் உபபொருளாகச் சிறிதளவே கிடைப்பது. அப்படலமோ அப்பளம் போன்றது. வளைத்தால் விரிசல் காணும். சுருட்டி வைக்கத்தக்க திரை வேண்டுமாயின் வேறு வழி தேட வேண்டும். அவ்வழிகளுள் ஒன்று வெள்ளி நானோ இழை.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்விழையின் பருமன் ஐம்பது நானோமீட்டர் அளவினது. தலைமயிரினும் ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லியது. நீளமோ பருமனைப்போல் சில நூறு மடங்கு. இழைகளைச் சாராயம் போன்ற திரவத்தில் கலந்து பிளாஸ்டிக் தாளின் மீது பூசுவர். திரவம் ஆவியானதும் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். இடைவெளிகளில் ஒளி புகும். இழைகளின் மீது மின்சாரம் ஓடும்.

இழைகள் எத்துணை வேண்டும்? ஈரமான முற்றத்தில் ஈர்க்குக்குச்சிகளை ஒவ்வொன்றாக எறிவதாகக் கொள்வோம். கால் நனைய விரும்பாத எறும்பொன்று, குச்சிகளின் மீதே நடந்து எதிர்ச்சுவரை அடைய வேண்டும். நூறு குச்சிகள் விழுந்தும் அதனால் இயலவில்லை; ஆங்காங்கே சிறு கூட்டங்கள், அவற்றினிடையே நீர். மேன்மேலும் எறிய, ஒரு கட்டத்தில் ஏதோவொரு குச்சி இரு பெருங்கூட்டங்களை இணைத்துவிடுகிறது. அக்கணமே பாதை திறந்துவிடும். மின்சாரத்தின் நிலையும் இதுவே. வெள்ளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் கடத்துதிறன் சிறுகச் சிறுக உயரும் என்று எதிர்பார்ப்போம். ஓர் எல்லை வரையில் ஒன்றுமே நிகழாது, அதனைக் கடந்ததும் திடீரென ஏறும்.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் பெர்கொலேஷன் என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த பிராட்பெண்ட், ஹாமர்ஸ்லி ஆகிய இருவர் 1957-ஆம் ஆண்டில் இதற்குக் கணித வடிவம் தந்தனர். வாயுக் கவசத்திலுள்ள கரியின் நுண்துளைகளில் வாயு எவ்வாறு ஊடுருவுகிறது என்ற கேள்வியே அதற்கு வித்தாயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'கசிவு', 'ஊடுருவல்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தும் மனம் நிறையவில்லை. நம் வீடுகளில் பில்டரைத் தட்டிப் பார்த்து, 'டிக்காக்ஷன் இறங்கிவிட்டதா?' என்று கேட்கிறோமே, அந்த 'இறங்குதல்' என்ற சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. பொடியை அளவுமீறி அமுக்கிவிட்டால் ஒரு சொட்டும் இறங்காமற்போவதும் இதே கணக்குதான்.

எல்லைக்குரிய எண்ணையும் கணித்திருக்கின்றனர். இழையின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட ஒவ்வொரு சதுரத்திற்கும் சராசரி 5.6 இழைகள் வீதம் விழுந்திருத்தல் வேண்டும். இழையின் நீளம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எனில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 56,000 இழைகள். நீளத்தை இருமடங்காக்கினால் 14,000 போதும். எண்ணிக்கை காற்பங்காகிறது; வெள்ளியின் எடை பாதியாகிறது. நீண்ட இழைகளை வளர்ப்பதில் வேதியியலார் இத்துணை முனைவது இதனாலேயே.

படலத்தின் தடையை 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்று குறிப்பர். எந்த அளவுள்ள சதுரம் என்ற ஐயம் எழலாம். நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும். அகலம் இரட்டித்தால் பாதியாகும். ஆகவே சதுரம் பெரிதாயினும் சிறிதாயினும் தடை ஒன்றே. 2009-ஆம் ஆண்டில் டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், 85 சதவீத ஒளியைப் புகவிட்டு, சதுரத்துக்கு 13 ஓம் தடையே உள்ள வெள்ளி இழைப் படலத்தைச் செய்து காட்டினர்.

பாதை திறந்தும் தொல்லை தீர்ந்தபாடில்லை. இழைகள் வளர்க்கப்படும்போது ஒட்டிக்கொண்ட பாலிமர்ப் பூச்சு அவற்றை உறைபோல் சூழ்ந்திருக்கும். ஒயர்மேன் மேலுறையைச் சீவாமல் இரு கம்பிகளை முறுக்கிவிட்டால் விளக்கு எரியுமா? வெள்ளி மிகச் சிறந்த கடத்தி. ஆயினும் இழையும் இழையும் குறுக்கிடும் இடத்திலேதான் தடை மிகுகிறது. 200 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சூடேற்றினால் சந்திப்புகள் ஒட்டிக்கொள்ளும். அச்சூட்டைப் பல பிளாஸ்டிக் தாள்கள் தாங்கமாட்டா. அதற்கும் மேலே சென்றாலோ இழைகளே அறுந்து மணிமணியாகத் திரண்டுவிடும். 962 டிகிரியில் உருகும் வெள்ளி, இழையாய் மெலிந்தபோது அவ்வளவு சூடு தாங்குவதில்லை. 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் ஒளியையே பற்றவைப்பானாகப் பயன்படுத்தினர். இரு இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் மட்டும் ஒளி செறிந்து சூடு பிறக்கும். ஒட்டியதும் இடைவெளி மறைய, சூடும் தானே தணியும்.

காற்றிலுள்ள கந்தகம் வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்கச் செய்வதை யாவரும் கண்டிருப்போம். விளக்கைத் துலக்கிவிடலாம், இழை அவ்வாறு கறுத்தால் அதன் பாதையே அடைபடும். எனவே படலத்திற்கு மேற்பூச்சு இன்றியமையாதது.

பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தினர் சந்திப்புத் தொல்லையை வேறு வகையில் அணுகினர். வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதுபோல் உலரும்போது வெடிக்கும் பூச்சு ஒன்றைத் தடவி, அதன்மேல் உலோகத்தைப் படியச்செய்து, பின்னர்ப் பூச்சைக் கழுவிவிட்டனர். 2014-இல் வெளியான அவ்வாய்வுகளின்படி, வெடிப்புகளில் தங்கிய உலோகம் இழைமேல் இழை கிடவாமல் ஒரே வலையாக அமைகிறது.